திரும்பும்போது ‘டிக் டிக்’, வேகத்தில் ‘ஊஊங்’: காரின் சத்தத்தை வைத்தே கோளாறைக் கண்டுபிடிப்பது எப்படி?

செஞ்சிக் கோட்டையில் ராஜகிரி ஏறி இறங்கிவிட்டு விழுப்புரம் சாலையைப் பிடிப்பவர்களில் சிலர், பாதி வழியில் மண்டகப்பட்டுக்கு வண்டியைத் திருப்புவது உண்டு. ஒரே பாறையில் குடைந்த, ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் குடைவரை அங்கே இருக்கிறது. அதுவரை பெரிய சாலையில் கண்ணாடி ஏற்றி, ஏசி, பாட்டு என்று வந்த கார், ஊருக்குள் 15 கி.மீ. வேகத்துக்கு இறங்கும். கண்ணாடியும் இறங்கும். பாறை தெரிந்ததும் வண்டியை ஓரங்கட்ட ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிப்பார்கள். அப்போதுதான் முன்சக்கரப் பக்கமிருந்து அது கேட்கும்: டிக்... டிக்... டிக்... டிக்.

“இது எப்பலேர்ந்து வருது?” என்று பக்கத்து சீட்டில் இருப்பவர் கேட்பார். இரண்டு மாதமாகக்கூட வந்திருக்கலாம். சென்னை போக்குவரத்து இரைச்சலில் யாருக்கும் கேட்டிருக்காது. அமைதியான கிராமத்துச் சாலையில் மெதுவாகத் திரும்பியதால் இன்றைக்குக் கேட்டுவிட்டது. அடுத்த கேள்வி உடனே வரும். ஞாயிற்றுக்கிழமை, பெரும்பாலான ஒர்க்‌ஷாப் மூடியிருக்கும். வீட்டுக்கு இன்னும் 170 கி.மீ. போல இருக்கிறது. இந்தச் சத்தத்தோடு ஓட்டிப் போகலாமா, கூடாதா?

இதற்குப் பதில் சொல்ல மெக்கானிக் ஆக வேண்டியதில்லை. ஆனால் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். சத்தம் வந்தால் நாம் எல்லோரும் முதலில் யோசிப்பது ‘எங்கிருந்து வருது?’ என்றுதான். ‘எப்போது வருது?’ என்பதுதான் உண்மையில் உதவுகிற கேள்வி. காரின் உடல் முழுக்க இரும்புத் தகடு. பின்சக்கரத்தில் பிறக்கும் சத்தம் தகட்டின் வழியாக ஓடி டேஷ்போர்டுக்கு அடியில் கேட்கும். இடம் பற்றி காது சொல்வதை முழுசாக நம்ப முடியாது. எந்த வேகத்தில், எந்த கியரில், எதைச் செய்யும்போது என்ற விவரம் அப்படி ஏமாற்றாது. அதைக் கவனிக்கக் கூடியவர் தினமும் அந்த வண்டியை ஓட்டும் நீங்கள்தான். ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்க்கும் மெக்கானிக்குக் கிடைப்பதைவிட அதிகத் தகவல் உங்களிடம் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கத்தான் ஆளில்லை.

இன்ஜின் பக்கமா, சக்கரத்தின் பக்கமா?

இன்ஜினின் சுழற்சி கிளட்ச் வழியாக கியர் பாக்ஸுக்கும், அங்கிருந்து டிஃபரன்ஷியலுக்கும், பிறகு ஆக்ஸில் வழியாகச் சக்கரத்துக்கும் போகிறது. இந்தத் தொடரில் ஒரு பாதி இன்ஜின் வேகத்தில் சுற்றும். மறுபாதி சக்கரத்தின் வேகத்தோடு கட்டுப்பட்டுச் சுற்றும். சத்தம் எந்தப் பாதியைச் சேர்ந்தது என்று பிரித்துவிட்டால், சந்தேகப் பட்டியல் அங்கேயே பாதியாகக் குறைந்துவிடும்.

பிரிப்பதற்கு எளிய வழி இருக்கிறது. காலியான, நேரான சாலையில் 50 கி.மீ. வேகத்தில் மூன்றாவது கியரில் ஓட்டுங்கள். சத்தத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். அதே 50 கி.மீ. வேகத்தில் நான்காவது கியருக்கு மாறுங்கள். சக்கரம் சுற்றும் வேகம் மாறவில்லை, இன்ஜின் சுற்றும் வேகம் மட்டும் குறைந்திருக்கிறது. சத்தத்தின் சுருதியும் அதோடு இறங்கினால், கோளாறு இன்ஜின், கிளட்ச், கியர் பாக்ஸின் முன்பகுதி ஆகியவற்றில். சுருதி கொஞ்சம்கூட மாறாமல் அப்படியே இருந்தால், டிஃபரன்ஷியல், ஆக்ஸில், வீல் பேரிங், டயர் என்று சக்கரத்தின் பக்கம் தேட வேண்டும். ஆட்டோமேட்டிக் வண்டியில் மேனுவல் மோடு இருந்தால் அதிலும் இதைச் செய்யலாம். நியூட்ரலில் உருளவிட்டுப் பார்க்கச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கியர் மாற்றும் சோதனையே போதும், அந்த வம்பு வேண்டாம். ஓடும்போது இன்ஜினை அணைத்துப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. பவர் ஸ்டீயரிங் போய்விடும். பிரேக்கின் பூஸ்டரும் ஓரிரு மிதியில் வலுவிழந்துவிடும்.

நிற்கும்போது ஆக்ஸிலரேட்டரை மெல்ல மிதித்தாலே அதே சத்தம் வருகிறதா? அப்படியானால் சக்கரத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை.

இன்னொரு சின்னக் கணக்கும் கைகொடுக்கும். சிறிய கார்களின் டயர் ஒரு முறை சுற்றினால் வண்டி சுமார் 1.9 மீட்டர் நகரும். மணிக்கு 7 கி.மீ. என்பது வேகமாக நடக்கும் வேகம். அந்த வேகத்தில் சக்கரம் நொடிக்கு ஒரு சுற்று சுற்றும். 20 கி.மீ. வேகத்தில் நொடிக்கு மூன்று சுற்று. அப்படியென்றால், மெதுவாக உருளும்போது ‘டிக்’ நொடிக்கு ஒன்று என்று வந்தால் அது சக்கரத்தோடு சுற்றும் ஏதோ ஒன்று. இன்ஜின் 2,000 ஆர்பிஎம்மில் நொடிக்கு 33 முறை சுற்றுகிறது. அந்தச் சத்தத்தை உங்களால் எண்ணவே முடியாது, ‘ர்ர்ர்’ என்று ஒரே இழுப்பாகத்தான் கேட்கும்.

மண்டகப்பட்டில் கேட்ட ‘டிக் டிக்’

திரும்பும்போது மட்டும் வந்து, நேராகப் போகும்போது நின்றுவிடும் ‘டிக் டிக்’ கிட்டத்தட்ட கையெழுத்து மாதிரி. முன்சக்கர டிரைவ் உள்ள கார்களில் ஆக்ஸிலின் வெளி முனையில், சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சிவி ஜாயிண்ட்தான் பெரும்பாலும் இதற்குக் காரணம்.

அந்த ஜாயிண்ட்டுக்கு ஒரு கதை இருக்கிறது. வளைந்த கோணத்தில் சுழற்சியைக் கடத்தும் கிராஸ் ஜாயிண்ட் பழைய சங்கதி. 17ஆம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. கோணம் அதிகமானால், ஒரு பக்கம் சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை வேகமெடுத்து, இரண்டு முறை தளரும். ஓட்டும் சக்கரத்தையே திருப்பவும் வேண்டும் என்றால் அந்தத் துடிப்பு ஸ்டீயரிங்கில் தெரியும். 1920களில் ஃபோர்டு நிறுவனப் பொறியாளர் ஆல்ஃபிரட் ஜெப்பா இதற்குத் தீர்வு கண்டார். கிண்ணம் போன்ற ஒரு உறைக்குள் ஆறு எஃகு குண்டுகள், அவை ஓட வளைந்த பள்ளங்கள், குண்டுகளைச் சரியான இடத்தில் பிடித்துவைக்க ஒரு கூண்டு. எந்தக் கோணத்தில் திருப்பினாலும் சுழற்சி சீராகவே போகும். 1959இல் பிரிட்டனில் வந்த மினி கார் அந்த வகை ஜாயிண்ட்டைச் சின்ன கார்களுக்குக் கொண்டுவந்தது. 1983 டிசம்பரில் வெளிவந்த மாருதி 800 முன்சக்கர டிரைவை நம்மூர்த் தெருக்களில் பரவலாக்கியது. அம்பாசடர் காலத்து மெக்கானிக்குகள் ‘கிரவுன் சத்தம்’ என்று பின்பக்கத்தைத் தட்டிப் பார்த்தார்கள். இன்றைய மெக்கானிக் ‘ஆக்ஸில் சத்தம்’ என்று முன்பக்கம் குனிகிறார். வண்டியின் அமைப்பு மாறியதுதான் காரணம்.

அந்த ஆறு குண்டுகளும் கிரீஸில் மிதக்க வேண்டும். கிரீஸ் வெளியே போகாமல், மண்ணும் தண்ணீரும் உள்ளே வராமல் காப்பது ஒரு மடிப்பு மடிப்பான ரப்பர் பூட். ஜாயிண்ட்டின் ஆயுளே இந்த ரப்பரில்தான் இருக்கிறது. வெயிலிலும் வயதிலும் அதன் மடிப்பில் கீறல் விழும். சக்கரம் சுற்றும் வேகத்தில் கிரீஸ் அந்தக் கீறல் வழியாக வெளியே சிதறும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேங்கிய தெருத் தண்ணீரும் சேறும் அதே வழியாக உள்ளே போகும். பிறகு குண்டுகள் ஓடும் பள்ளத்தில் மணல் அரைத்து, சின்னச் சின்னக் குழி விழும். ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போது குண்டு அந்தக் குழியில் விழுந்து எழும் சத்தம்தான் ‘டிக்’.

சத்தம் வரும் முன்பே இதைப் பிடிக்கலாம் என்பதைச் சொல்லியாக வேண்டும். வண்டியை நிறுத்தி, ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் முழுதாக ஒடித்துவிட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, சக்கரத்தின் பின்னால் போன் டார்ச்சை அடித்துப் பாருங்கள். ரிம்மின் உட்புறத்திலோ பக்கத்து உலோகத்திலோ கறுப்பு கிரீஸ் கோடுபோல் தெறித்திருந்தால் பூட் கிழிந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நிலையில் பூட்டையும் கிரீஸையும் மட்டும் மாற்றினால் போதும். அதன் செலவு முழு ஆக்ஸிலின் செலவில் ஒரு சிறு பங்குதான். ‘டிக் டிக்’ ஆரம்பித்த பிறகு புது பூட் போடுவது காசுக்குக் கேடு. குழி விழுந்த பள்ளத்தை எந்த கிரீஸும் நிரப்பாது.

எந்தப் பக்கம் என்று தெரிந்துகொள்ள, காலி மைதானத்தில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து மெதுவாக வட்டமடியுங்கள், இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை. வட்டத்தின் வெளிப்பக்கச் சக்கரத்தின் ஜாயிண்ட்தான் பெரும்பாலும் அதிகம் கத்தும். இடப்பக்கம் வளையும்போது சத்தம் என்றால் வலது ஆக்ஸில் மீது சந்தேகம்.

உள்முனையில், கியர் பாக்ஸ் பக்கம், இன்னொரு ஜாயிண்ட் இருக்கிறது. அது தேய்ந்தால் டிக் டிக் வராது. ஆக்ஸிலரேட்டரை மிதித்து வேகமெடுக்கும்போது வண்டி இடவலமாக உதறும், காலை எடுத்தால் உதறல் நிற்கும். பலர் இதை வீல் பேலன்சிங் என்று நினைத்து இரண்டு மூன்று முறை பேலன்சிங் செய்துவிட்டு வருகிறார்கள். பேலன்சிங் கோளாறு ஆக்ஸிலரேட்டரைக் கண்டுகொள்ளாது. வேகம் இருக்கும்வரை உதறிக்கொண்டேதான் இருக்கும்.

‘ஊஊங்’ என்றால் பேரிங்கா, டயரா?

தப்பான பாகத்துக்கு அதிகம் பணம் போகும் இடம் இதுதான். 40 கி.மீ. தாண்டியதும் விமானம் தூரத்தில் பறப்பதுபோல ஒரு ‘ஊஊங்’. வேகம் கூடக் கூடச் சத்தமும் கூடும். “வீல் பேரிங் போயிடுச்சு சார்” என்று சொல்லி மாற்றுவார்கள். சத்தம் அப்படியே இருக்கும். அடுத்த பக்கத்து பேரிங்கையும் மாற்றுவார்கள். கடைசியில் பார்த்தால் டயர் மேடும் பள்ளமுமாகத் தேய்ந்திருக்கும்.

இரண்டையும் பிரிக்க முதலில் சாலையைக் கவனியுங்கள். பழைய சொரசொரப்பான சாலையிலிருந்து புதுத் தார் போட்ட பகுதிக்குள் நுழையும்போது சத்தம் சட்டென்று குறைந்தாலோ வேறு மாதிரி மாறினாலோ, அது டயர். பேரிங்குக்குச் சாலை எப்படி இருந்தாலும் ஒன்றுதான். அடுத்து, ஆள் நடமாட்டமில்லாத அகலமான சாலையில், மிதமான வேகத்தில், ஸ்டீயரிங்கை மெல்ல இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். வலப்பக்கம் திருப்பும்போது வண்டியின் எடை இடப்பக்கச் சக்கரங்களின் மேல் சாயும். அப்போது ‘ஊங்’ பெரிதாகி, மறுபக்கம் திருப்பும்போது தணிந்தால், இடப்பக்க பேரிங் மீது சந்தேகம். இரண்டு பக்கமும் ஒன்றும் மாறவில்லை என்றால் டயரைப் பாருங்கள். உள்ளங்கையை டயரின் மேல் முன்னும் பின்னுமாகத் தடவினால், ஒரு பக்கம் வழுவழுப்பாகவும் மறுபக்கம் ரம்பம் போலவும் தட்டுப்படும். முன் டயரையும் பின் டயரையும் இடம் மாற்றிப் போட்டு, சத்தமும் இடம் மாறினால் வழக்கு முடிந்தது.

பேரிங்தான் என்று உறுதியானால் தள்ளிப்போட வேண்டாம். இன்றைய கார்கள் பலவற்றில் வீல் பேரிங் மூடிய ஒரே யூனிட்டாக வருகிறது. திறந்து கிரீஸ் வைத்து ஓட்டும் காலம் போய்விட்டது. தேய்மானம் கூடினால் சக்கரத்தில் ஆட்டம் வரும், ஏபிஎஸ் விளக்கு எரியும், இறுகிப்போகும் அபாயமும் உண்டு. ஒர்க்‌ஷாப்பில் சக்கரத்தைத் தூக்கி, மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டிப் பார்ப்பார்கள். பிறகு ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டு, மறு கையை சஸ்பென்ஷன் ஸ்பிரிங் மேல் வைப்பார்கள். கெட்டுப்போன பேரிங்கின் நறநறப்பு ஸ்பிரிங்கில் விரலுக்குத் தெரியும். வீட்டில் செய்து பார்க்க ஆசைப்பட்டால், வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டாதீர்கள். ஸ்டாண்டு இல்லாமல் செய்யக் கூடாத வேலை அது.

கிளட்ச் பெடலே சாட்சி

வண்டி நிற்கிறது, இன்ஜின் ஓடுகிறது, கியர் நியூட்ரலில். கிளட்ச்சை மிதிக்காதபோது ‘கரகர’ என்று கேட்டு, மிதித்ததும் மறைந்தால், கியர் பாக்ஸின் உள்ளே வரும் ஷாஃப்டின் பேரிங் தேய ஆரம்பித்திருக்கிறது. கிளட்ச் மிதித்தால் அந்த ஷாஃப்ட் சுற்றுவது நிற்கும், அதனால்தான் சத்தமும் நிற்கிறது. மிதித்தால் மட்டும் ‘கீச்’ என்று வந்தால் நேர் எதிர்: ரிலீஸ் பேரிங். சிக்னலில் கியரைப் போட்டபடியே, கிளட்ச்சை மிதித்துக்கொண்டு 90 நொடி நிற்பவர்களுக்கு அது சீக்கிரம் வரும். அதை மாற்ற கியர் பாக்ஸை இறக்க வேண்டும் என்பதால், பாகத்தின் விலையைவிடக் கூலிதான் வலிக்கும். எப்படியும் இறக்குகிறார்கள் என்றால் கிளட்ச் தட்டு, பிரஷர் பிளேட்டையும் சேர்த்துப் பார்த்துவிடச் சொல்வது புத்திசாலித்தனம்.

ஒரு குறிப்பிட்ட கியரில் மட்டும் முனகல் என்றால் அந்த கியரின் பற்களோ அதைத் தாங்கும் பேரிங்கோ. முதலில் ஆயில் இருக்கிறதா என்று பாருங்கள். கியர் பாக்ஸ் ஆயில் என்று ஒன்று தனியாக இருப்பதையே மறந்துவிட்ட வண்டிகள் நிறைய.

ரிவர்ஸில் வரும் ‘உய்ய்ய்’ பற்றி மட்டும் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் போகும் கியர்களின் பற்கள் சாய்வாக வெட்டப்பட்டவை. ஒன்றோடொன்று வழுக்கிக்கொண்டு பொருந்துவதால் சத்தம் குறைவு. பல கார்களில் ரிவர்ஸ் கியருக்கு மட்டும் நேராக வெட்டிய பற்கள்தான். அது அப்படித்தான் கத்தும். மின்சார கார்களில் வேகமெடுக்கும்போது வரும் மெல்லிய ‘ஈஈ’ ஒலியும் மோட்டாரும் அதன் குறைப்பு கியரும் சேர்ந்து எழுப்புவதுதான். இன்ஜின் இரைச்சல் இல்லாததால் காதில் விழுகிறது. மின்சார காருக்கு மாறியவர்களுக்கு டயர், பேரிங், பிளாஸ்டிக் பேனல் என எல்லாமே புதிதாகக் கேட்க ஆரம்பிக்கும். அதெல்லாம் கோளாறு இல்லை, வேகம் கூடும்போது மாறிக்கொண்டே வளரும் ‘ஊங்’ மட்டும் சோதிக்க வேண்டியது.

பொலேரோ, ஈகோ, இன்னோவா வைத்திருப்பவர்களுக்கு

பின்சக்கர டிரைவ் வண்டிகள் இன்னும் நிறையவே ஓடுகின்றன. செஞ்சி, விழுப்புரம் சுற்றுவட்டாரத்தில் கூட்டமாகக் குடும்பத்தோடு கோயிலுக்குப் போகும் வண்டிகளைப் பார்த்தாலே தெரியும். பொலேரோ, மாருதி ஈகோ, இன்னோவா கிரிஸ்டா, குட்டி யானை என்று அழைக்கப்படும் டாடா ஏஸ் எல்லாம் இந்த வகை. (இன்னோவா ஹைகிராஸ் முன்சக்கர டிரைவுக்கு மாறிவிட்டது.) இவற்றில் வண்டிக்கு அடியில் நீளமாக ஓடும் புரப்பெல்லர் ஷாஃப்டும், அதன் முனைகளில் ராபர்ட் ஹூக் காலத்துக் கிராஸும் இன்றைக்கும் இருக்கின்றன.

கிளட்ச்சை விட்டு வண்டி நகரும் நொடியில் ‘டங்’. முன்னும் பின்னும் கியர் மாற்றினால் மறுபடியும் ‘டங்’. கிராஸில் ஆட்டம் வந்திருக்கிறது. அதற்கு முன்பே, மெதுவாகப் போகும்போது சிட்டுக்குருவி கத்துவதுபோல ‘கிச் கிச்’ என்று ஒரு சத்தம் வரும். கிராஸின் உள்ளே உள்ள ஊசி பேரிங்குகள் கிரீஸ் இல்லாமல் காய்ந்துவிட்டன என்று அர்த்தம். கிரீஸ் நிப்பிள் உள்ள வண்டிகளில் அந்தக் கட்டத்திலேயே கிரீஸ் அடித்திருந்தால் செலவு மிச்சம். இதைக் கவனிக்காமல் நெடுஞ்சாலையில் விரட்டினால் அடியில் அதிர்வு தொடங்கும். அதன் பிறகும் ஓட்டுவது ஆபத்து. வேகத்தில் ஷாஃப்ட் கழன்று தரையில் குத்தினால் வண்டியைக் கட்டுப்படுத்துவது கடினம்.

டிஃபரன்ஷியலின் ‘ஊய்ங்’ வேறு ரகம். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது மட்டும் வருகிறதா, காலை எடுக்கும்போது மட்டும் வருகிறதா என்று கவனித்துச் சொல்லுங்கள். கிரவுன் பினியன் பற்களின் எந்தப் பக்கம் ஒன்றோடொன்று உரசுகிறது என்பது அதிலிருந்தே மெக்கானிக்குத் தெரிந்துவிடும். இதிலும் முதல் சந்தேகம் ஆயில் மீதுதான். பினியன் சீல் கசிந்து, ஆயில் சொட்டுச் சொட்டாகப் போய், வண்டிக்காரருக்குத் தெரியாமலே காலியாகியிருக்கும்.

பொய்ச் சாட்சிகள்

மெக்கானிக்கிடம் போவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி டிக்கியைக் காலி செய்யுங்கள். கழன்ற ஜாக்கி, சீட்டுக்கு அடியில் உருளும் தண்ணீர் பாட்டில், டயரின் பள்ளத்தில் மாட்டிய ஜல்லிக்கல். பிரேக் டிஸ்க்குக்கும் அதன் பின்தகட்டுக்கும் நடுவில் ஒரு சின்னக் கல் சிக்கினால், கார் உடைந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்குச் சத்தம் வரும். கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் விழுந்துவிடும். பள்ளமான சாலையில் வந்த பிறகு அடிப்பகுதி பிளாஸ்டிக் மூடி ஒரு கிளிப் கழன்று காற்றில் படபடப்பதும் உண்டு.

இந்தப் பட்டியலில் ஒன்றை மட்டும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. டயர் மாற்றியோ, பஞ்சர் ஒட்டியோ, சர்வீஸ் முடித்தோ வந்த ஒன்றிரண்டு நாட்களில் ‘டொக் டொக்’ என்று புதிதாகச் சத்தமும் ஆட்டமும் வந்தால், வீல் நட் சரியாக முறுக்கப்படாமல் இருக்கலாம். அடுத்த ஊர் வரை போய்ப் பார்க்கலாம் என்று நினைக்க வேண்டாம். அங்கேயே ஓரங்கட்டி, வண்டியில் இருக்கும் ஸ்பேனரால் எல்லா நட்டையும் முறுக்கிப் பாருங்கள். ஓடும் காரிலிருந்து கழன்ற சக்கரம் எதிரில் வருபவரின் உயிருக்கும் ஆபத்து.

‘ஆக்ஸில் மாத்துங்க’ என்று சொல்லாதீர்கள்

“அண்ணே, முன்னாடி ஏதோ சத்தம் வருதுண்ணே.”

“வண்டிய விட்டுட்டுப் போங்க சார், பாத்து வைக்கிறேன்.”

பெரும்பாலான பேச்சு இங்கேயே முடிந்துவிடும். மாலையில் போன் வரும்: “ஓட்டிப் பாத்தேன், எதுவும் கேக்கலயே.” அவர் பொய் சொல்லவில்லை. அவர் ஓட்டிய இரண்டு கிலோமீட்டரில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும் சந்தர்ப்பமே வந்திருக்காது.

ஜாப் கார்டில் பாகத்தின் பெயரை எழுதச் சொல்லாதீர்கள், அறிகுறியை எழுதச் சொல்லுங்கள். ‘ஆக்ஸில் மாற்ற வேண்டும்’ என்று எழுதினால் ஆக்ஸில் மாற்றப்படும். சத்தம் போகாவிட்டால், நீங்கள் கேட்டதைச் செய்தோம் என்பார்கள். ‘20 கி.மீ. வேகத்துக்குக் கீழே, ஸ்டீயரிங்கை இடப்பக்கம் முழுதாகத் திருப்பி ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது முன்பக்கம் டிக் டிக், நேராகப் போனால் இல்லை’ என்று எழுதினால், அந்தச் சத்தம் போனால்தான் வேலை முடிந்தது. முடிந்தால் மெக்கானிக்கைப் பக்கத்தில் உட்காரவைத்து நீங்களே ஓட்டிக் காட்டுங்கள். முடியாவிட்டால், பக்கத்து சீட்டில் இருப்பவர் ஸ்பீடோமீட்டர் தெரியும்படி போனில் வீடியோ எடுக்கட்டும். ஏசி, ஃபேன், பாட்டு எல்லாம் அணைத்திருக்க வேண்டும். ஒரு நீண்ட சுற்றுச்சுவர் ஓரமாகக் கண்ணாடியை இறக்கி மெதுவாக ஓட்டினால், சக்கரத்தின் சத்தம் சுவரில் மோதித் திரும்பி இன்னும் தெளிவாகப் பதிவாகும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். குழி விழுந்த ஜாயிண்ட்டையும் கரகரக்கும் பேரிங்கையும் கையில் சுற்றிப் பார்த்தாலே தெரியும்.

வாரன்ட்டிக்குள் இருக்கும் வண்டி என்றால் எழுத்தில் இருக்கும் புகாருக்கு இன்னும் மதிப்பு. சின்னச் சத்தம் என்று நீங்கள் நினைப்பது உற்பத்திக் குறையாகவும் இருக்கலாம். 2022 அக்டோபரில் மாருதி சுசூகி, வேகன் ஆர், செலேரியோ, இக்னிஸ் மாடல்களில் 9,925 கார்களைத் திரும்ப அழைத்தது. பின் பிரேக்கில் உள்ள ஒரு பின் உடைந்து வித்தியாசமான சத்தம் வரலாம், நாளடைவில் பிரேக்கின் செயல்பாடும் பாதிக்கப்படலாம் என்பதே காரணம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டம் குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்குத் தருகிறது. 2021 ஏப்ரலிலிருந்து அதற்கான விதிகள் நடைமுறையில் உள்ளன. உங்கள் காரின் சேசிஸ் எண்ணைக் கொடுத்து, அது திரும்ப அழைக்கப்பட்ட பட்டியலில் இருக்கிறதா என்று நிறுவனத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமை?

மண்டகப்பட்டுப் பாறையில் மகேந்திரவர்மன் வெட்டிவைத்த கல்வெட்டு, இந்தக் கோயிலைச் செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் கட்டியதாகச் சொல்கிறது. ஒட்டும் இல்லை, இணைப்பும் இல்லை. வெளியே நிற்கும் காருக்கு அந்தக் கொடுப்பினை கிடையாது.

துவாரபாலகர்களைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் சக்கரத்துக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். பூட் கிழிந்து, கிரீஸ் தெறித்திருக்கிறது, ஆனால் சத்தம் முழுதாகத் திரும்பும்போது மட்டும்தான், நேர்ச் சாலையில் உதறலும் இல்லை, சத்தமும் இல்லை என்றால், நிதானமாக வீடு போய்ச் சேரலாம். பெரும்பாலும் ஒரு சிவி ஜாயிண்ட் டிக் டிக் என்று வெகுநாள் எச்சரித்த பிறகே உடையும். திடீரென ஆக்ஸிலரேட்டரை மிதிக்க வேண்டாம், ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்தபடி வேகமெடுக்க வேண்டாம், யூ டர்ன் எடுக்கும் இடங்களில் மெதுவாக. சத்தம் நேராகப் போகும்போதும் வர ஆரம்பித்தால், அல்லது ‘டக்’ என்று ஒரு பெரிய அடியோடு அதிர்வு வந்தால், அதற்கு மேல் ஓட்டாதீர்கள். ஜாயிண்ட் உடைந்தால் இன்ஜின் உறுமும், வண்டி நகராது. ஆட்டோமேட்டிக்காக இருந்தால் பார்க்கிங்கில் போட்டாலும் உருண்டுவிடும், அதனால் ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டு, சக்கரத்துக்குக் கல்லை அண்டக் கொடுத்துவிட்டு, இன்ஷூரன்ஸில் சாலையோர உதவி இருக்கிறதா என்று பாலிசியைப் பாருங்கள். இழுத்துப் போக வண்டி வந்தால், முன்சக்கர டிரைவ் காரின் முன்சக்கரங்கள் தூக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் முழு வண்டியும் லாரியின் மேல் ஏற வேண்டும்.

கிளம்பும் முன், பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் போனைக் கொடுத்து, இன்னொரு முறை அதே இடத்தில் மெதுவாக வட்டமடித்து அந்த ‘டிக் டிக்’கைப் பதிவு செய்துகொள்ளுங்கள். திங்கட்கிழமை ஒர்க்‌ஷாப் வாசலில் அது கேட்காமல் போகலாம்.